மணி அடித்தால்தான் பால்

பிறந்த குழந்தைக்கு எப்போது பால் கொடுப்பது என்ற கேள்விக்கு எங்கள் ஊர்ப் பிரசவ ஆஸ்பத்திரி ஒரு தீர்மானமான பதில் வைத்திருந்தது. மணி அடிக்கும்போது. கேட்டபோதெல்லாம் பால் கிடைத்தால் குழந்தை பிற்காலத்தில் ஒழுங்கில்லாத குடிமகனாகிவிடும் என்று புதிதாக வந்த பெரிய டாக்டர் ஏதோ கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்திருந்தார். ஆகவே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காவலாளி வராந்தாவில் மணி அடிப்பார். தாய்மார்கள் பால் கொடுப்பார்கள். கால் மணி நேரம் கழித்து மறுமணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும், குழந்தை பாதியில் இருந்தாலும்.

என் மகள் பிறந்த மறுநாள் வராந்தாக் கடிகாரம் பத்து மணியில் நின்றுபோனது. காவலாளியின் கையில் ஒரு நல்ல கடிகாரம் இருந்தது. ஆனால் அது அவருடைய சொந்தக் கடிகாரம். அதைப் பார்த்து ஆஸ்பத்திரி மணியை அடிக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பழுது பார்க்கப் பெரிய டாக்டரின் உத்தரவு வேண்டும். அவரோ அடுத்த கருத்தரங்குக்குப் போயிருந்தார்.

குழந்தை தன் கையைச் சப்பிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் வீறிட்டது. என் மனைவி அதை எடுக்கப் போனாள். தலைமை நர்ஸ் வந்து தடுத்தார்.

"இப்பதானேம்மா பத்து மணிக்குக் கொடுத்தே?"

"அது காலையில சிஸ்டர். வெயிலே இறங்கிடுச்சு" என்றேன்.

"வெயிலைப் பார்த்தெல்லாம் பால் கொடுக்க முடியாதுங்க. ஆஸ்பத்திரியில இன்னும் பத்து மணிதான்."

ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டினேன். தெரு எங்கள் நிர்வாகத்தில் வராது என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை அழுது அழுது குரல் கம்மிவிட்டது. என் மனைவி என்னைப் பார்த்தாள்.

"வாசல்ல போய் நில்லுங்க. அந்தம்மா வந்தா இருமுங்க."

போய் நின்றேன். போர்வைக்குள் அழுகை அடங்கியது. அதைப் பார்த்த பக்கத்துக் கட்டில்காரி தன் புருஷனையும் அனுப்பினாள். இருட்டுவதற்குள் வார்டில் எல்லாப் போர்வைகளும் மூடியிருந்தன, வாசலில் எல்லா அப்பாக்களும் இருமிக்கொண்டிருந்தோம். லாரி ஓட்டுகிற ஒருவருக்கு மட்டும் இருமல் வரவில்லை. ஹார்ன் அடித்தே பழகியவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

பெரிய டாக்டர் திரும்பி வந்தார். குழந்தைகள் கொழுகொழுவென்று தூங்கின. கடிகாரம் பத்து காட்டியது. வெகுநேரம் யோசித்தார். குழந்தைகளுக்கு ஒருமுறை கொடுத்தாலே போதும் என்பது ஐயமற நிரூபணமாகியிருப்பதால் கடிகாரத்தை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவிட்டார். அப்பாக்களிடையே பரவியுள்ள மர்ம இருமல் குழந்தைகளுக்குத் தொற்றாதிருக்கும் பொருட்டு எங்களை வெளியே அனுப்பினார். ஆளுக்கொரு பாட்டில் இருமல் மருந்தும் கிடைத்தது. எதற்காக இருமினோம் என்று சொல்ல முடியாததால் குடித்தோம்.

இனி யார் இருமுவது என்ற கவலையோடு மறுநாள் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே என் மகள் அழ ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினாள். பெரிய டாக்டரின் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வார்டு வாசலில் யாரோ இருமினார்கள். எட்டிப் பார்த்தேன். தலைமை நர்ஸ்.

நாங்கள் வீடு திரும்பிய அன்று பெரிய டாக்டரின் மகள் அதே வார்டில் குழந்தை பெற்றிருந்தாள். பையை எடுக்க வராந்தாவுக்குப் போனபோது அவர் மேற்பார்வைக்கு வந்தார். உள்ளே அவருடைய பேரன் வீறிட்டு அடங்கினான். பெரிய டாக்டர் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்து மணி. வாசலிலேயே நின்று நீளமாக இருமினார். கொஞ்சம் பொறுத்து உள்ளே போனார்.

அந்த உத்தரவு இன்றும் அமலில் இருக்கிறது. மீறியதாக ஒரு புகாரும் வந்ததில்லை.

போன மாதம் என் மகளை அங்கேயே பிரசவத்துக்குச் சேர்த்தோம். என் மனைவி இருந்திருந்தால் விவரமாகச் சொல்லி அனுப்பியிருப்பாள். நான் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஒன்றுதான் கேட்டேன்.

"இருமத் தெரியுங்களா?"