மாடியில் நீ விட்டுப்போன பாசியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். உன் உடம்பும், பாசியைப் பிழிந்து டீசல் எடுக்கும் உன் கம்பெனி இயந்திரங்களும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். கம்பெனியில் உள்ள பாசி கெட்டுப்போனால் மாற்றுக்கு இருக்கட்டும் என்று நீ மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் போன பாசித் தொட்டிதான் சுகமில்லை. போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம்.

குடிநீர் வாரியத்தில் இருந்த காலமெல்லாம் தொட்டி தொட்டியாக ஏறி, பாசி என்று யாராவது சொன்னாலே குளோரினைக் கொட்டியவன் நான். என்னிடம் போய்ப் பாசியை வளர்க்கக் கொடுத்தாயே, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். ஆனாலும் பெற்ற பெண் சொல்லிவிட்டாளே என்று காலையில் உரக்கரைசல் ஊற்றி, காற்று பம்பு குமிழி விடுகிறதா என்று பார்த்து, வெயில் ஏறினால் வேட்டியைக் கட்டி நிழல் கொடுத்து வந்தேன். உன்னைக்கூட நான் இப்படி வளர்க்கவில்லை என்கிறாள் உன் அம்மா. நீயும் போன் செய்தால் எடுத்த எடுப்பில் "அப்பா, கலர் எப்படி இருக்கு?" என்பாய். முதல் தடவை என்னைத்தான் கேட்கிறாய் என்று நினைத்து, "வெயில்ல கொஞ்சம் கறுத்துட்டேம்மா" என்றேன். "ஐயோ, உங்களை இல்லப்பா, பாசியை!" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்ததும் கண்ணாடியில் பார்த்தேன். நிஜமாகவே கறுத்துத்தான் இருக்கிறேன், யார் கேட்கிறார்கள்?

நடந்ததைச் சொல்கிறேன், பதறாதே. நம் மாடியில் டீசல் விளைகிறது என்று கேள்விப்பட்டு, கீழ்வீட்டுக்காரர் காலி பாட்டிலோடு ஏறி வந்து, "அரை லிட்டர் குடுங்க சார், வேன் பங்க் வரைக்கும் போயிட்டா போதும்" என்றார். இது இன்னும் எண்ணெய் ஆகவில்லை ஐயா என்று நான் விளக்குவதற்குள் அவரே குழாயைத் திறந்துவிட, பாதித் தொட்டி காலி. அதை நிரப்ப வீட்டுக் குழாய்த் தண்ணீரை உன் அம்மா விட்டாள், அதில் எங்கள் வாரியம் போட்ட குளோரின், தன் வினை தன்னைச் சுட்டது. அந்த நேரம் பார்த்து என் பழைய உதவியாளர் என்னை நலம் விசாரிக்க வந்தார். பச்சைத் தண்ணீரைக் கண்டதும் மூலையில் இருந்த பிளீச்சிங் பவுடரை அள்ளிப் போட்டுவிட்டு, "மன்னிச்சுக்குங்க சார், கை தானாப் போயிடுச்சு" என்கிறார். அவரைப் பிடிக்க ஓடிய நான் வழுக்கி பம்பின் மேல் விழ, பம்பும் நின்றது. இப்போது தொட்டியில் இருப்பது சாம்பல் நிறத்தில் ஏதோ கஞ்சி.

"நல்லா வந்தா கம்பெனி ஆள் கேனோட வந்து எடுத்துட்டுப் போவார், கெட்டுப்போச்சுன்னாதான் நானே நேர்ல வந்து பார்க்கணும்" என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். கெட்டுவிட்டது. ஆகவே நீ நேரில் வருவதுதான் முறை. ஒரே நாளில் பார்த்து முடிக்கிற கேடும் இல்லை, நாலைந்து நாளாவது ஆகும். உன் அறையைப் பெருக்கி, கட்டிலுக்கு வேறு விரிப்புப் போட்டாகிவிட்டது. அதிகாரி லீவு தர இழுத்தால் இந்தக் கடிதத்தையே காட்டு.

வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்

உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டும் முன் உன் அம்மா படித்துவிட்டாள். "இதைப் பார்த்தா பொண்ணு அழுவா. அந்தப் பாசியைத் தேத்தி எடுக்க அவ எவ்வளவு பாடுபட்டிருப்பா!" என்றாள். அது எனக்குத் தோன்றவே இல்லை. ஆகையால் அழாதே. கீழ்வீட்டுக்காரர் வரவில்லை, உதவியாளர் வரவில்லை, நான் விழவும் இல்லை. பாசி அமோகமாக இருக்கிறது. விரலை விட்டால் நகம் தெரியாத அளவுக்கு அடர்த்தி. கம்பெனி ஆளையே அனுப்பு, பெரிய கேனாகக் கொண்டுவரச் சொல். நீ வந்து பார்க்க வேண்டிய கேடு இங்கே எதுவும் இல்லை. சும்மா வாம்மா.