ஒன்பதாம் நம்பர் சட்டை

சொர்ணம் முதல் பேஸைத் தொட்டதும் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிக்கா! இன்னும் மூணு பேஸ் இருக்கு!” என்று கத்தினார் பூபாலன்.

“அதுங்க அங்கயேதான சார் கீது? எங்க போயிடப் போவுது?”

அவள் அடித்த பந்து லாரி நிறுத்துமிடத்தில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதற்குள் நான்கு பேஸையும் சுற்றி வந்து ஒரு ரன் எடுத்து, டீயும் குடித்திருப்பார்கள்.

பூபாலன், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர். கேன்டீன் சாம்பார், கழிப்பறைத் தாழ்ப்பாள், சீருடை அளவு, இதுதான் அவர் உலகம். அதற்குள் பேஸ்பாலைக் கொண்டுவந்து போட்டவர் முதலாளி கங்காதரன்.

போன வருஷம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி மைதானத்தில், கம்பெனிப் பெண்களுக்கான போட்டி நடந்தது. கங்காதரன் காரை விட்டு இறங்காமல், ஏசியை நிறுத்தாமல், மைதானத்தின் மறுகோடியிலிருந்து இறுதி ஆட்டத்தைப் பார்த்தார். ஆவடி அணியில் சிம்ரன் என்று ஒருத்தி பந்தைப் பனைமர உயரத்துக்கு அடித்தாள். அதோடு விட்டாளா? பந்து வீசுகிறவள் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடினாள், அதற்கடுத்ததற்கும் ஓடினாள். இந்த ஆட்டத்தில் அதற்குப் பெயரே திருட்டுதான். யாரும் பிடித்துக் கொடுக்க மாட்டார்கள், கைதட்டுவார்கள்.

“அடிக்கிற கையும் ஓடுற காலும் ஒரே உடம்புல இருக்கணும் பூபாலன்” என்றார் கங்காதரன். “அமெரிக்காவுல அந்த மாதிரி ஆளைத்தான் தலைல தூக்கி வெச்சு ஆடுறாங்க. நமக்கும் ஒருத்தி வேணும். இந்த வருஷம் கப்பு வரலைன்னா, நீங்க ஓசூர் கிளைக்குக் கெளம்பிடுங்க.”

பூபாலன் மேனாம்பேட்டில் வீடு கட்டிக் குடிபோய் இரண்டு மாதம்தான் ஆகிறது. வாசல் கேட்டின் பெயின்ட் இன்னும் கையில் ஒட்டுகிறது. மனுஷன் பதறாமல் என்ன செய்வார்?

சொர்ணத்தை ஓட வைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தார். காலை ஆறரைக்குப் பயிற்சி. மூன்றாம் நாள் அவள் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கியது. நான்கு நாள் விடுப்பு. அவள் இல்லாமல் பேக்கிங் பிரிவில் பெட்டிகள் கூரையைத் தொட்டன. மேனேஜர் பூபாலனைக் கூப்பிட்டுக் காதில் ரத்தம் வராத குறையாகத் திட்டினார்.

“எங்க ஊட்டுக்காரரையே நான் ஓடிப் போய்ப் புடிச்சதில்ல சார்” என்றாள் சொர்ணம், காலை ஸ்டூலில் நீட்டியபடி. “நின்ன எடத்துலருந்து ஒரு கொரல் குடுப்பேன். வந்துருவாரு.”

சரி, ஓடத் தெரிந்தவளுக்கு அடிக்கக் கற்றுக்கொடுக்கலாம் என்று கவிப்பிரியாவைப் பிடித்தார். தரப் பரிசோதனைப் பிரிவு, சேக்காட்டுப் பெண். கிளம்பிவிட்ட ரயிலை ஓடிப் பிடித்தே வேலைக்கு வந்து பழகியவள். முதல் பந்துக்கு மட்டையை வீசினாள். பந்து அவளைத் தாண்டிப் போயிற்று. மட்டைதான் பறந்தது. கங்காதரனுடைய காரின் பக்கக் கண்ணாடி சில்லுச் சில்லாக உதிர்ந்தது.

“சிம்ரன் மட்டையைக் கையை விட்டு விடவேயில்லையே!” என்றார் கங்காதரன்.

அன்று வீட்டுக்கு வந்து பூபாலன் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மனைவி பானுப்பிரியா தோசைக் கரண்டியோடு வந்து நின்றாள்.

“ஓசூருக்கெல்லாம் நான் வர மாட்டேன், சொல்லிட்டேன். ஒரே ஆளு கெடைக்கலைன்னா ரெண்டு பேரப் புடிச்சு ஒட்டிக்கோங்க!”

கோபத்தில் சொன்ன வார்த்தை. பூபாலன் அதையே பிடித்துக்கொண்டார்.

மறுநாள் இரண்டு பெண்களையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். சொர்ணம் அடிப்பாள். முதல் பேஸில் விழுவாள். அங்கிருந்து கவிப்பிரியா சொர்ணமாக ஓடுவாள். இரண்டு பேருக்கும் ஒன்பதாம் நம்பர் சட்டை.

“நான் இவங்கள்ல பாதிதான் சார் கீறேன்” என்றாள் கவிப்பிரியா.

“மெஷின் தொடைக்கிற பஞ்சு மூட்டை மூட்டையா இருக்குல்ல? உள்ள திணிச்சுக்கலாம்.”

“மூஞ்சி?”

“ஸ்கூட்டில போற பொண்ணுங்க மாதிரி துப்பட்டாவைச் சுத்திக்கோங்க. ரெண்டு பேருக்கும் தூசு ஆவாதுன்னு சொல்லிக்கலாம்.”

கவிப்பிரியா கொஞ்சம் யோசித்தாள். “இம்மாங் கஷ்டத்துக்கு அம்பயராண்ட கேட்டுப் பாக்கலாமே சார்?”

“கிரிக்கெட்லயே, அடிக்கிறவனுக்குப் பதிலா ஓடுற ரன்னரை எடுத்துட்டாங்கம்மா! இங்க போய்க் கேட்டா, நமக்கு இப்படி ஒரு நெனப்பு இருக்குன்னு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடும். மூச்சு விடக் கூடாது.”

இறுதி ஆட்டம். ஆவடிதான் எதிரணி. கடைசிச் சுற்றில் சிம்ரன் அடித்த சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பூபாலனுக்கு எட்டிப் பார்க்க நேரமில்லை. ஷாமியானாவுக்குப் பின்னால் கவிப்பிரியாவின் சட்டைக்குள் நான்காவது கிலோ பஞ்சைத் திணிக்கச் சொல்லி பேக்கிங் பெண்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்தபோது ஆவடி ஒரு ரன் எடுத்துச் சமன் செய்திருந்தது.

இனி பூபாலன் அணிக்கு ஒரே ஒரு ரன் போதும். ஓசூர் இல்லை.

சொர்ணம் முகத்தில் துப்பட்டாவோடு வந்து நின்றாள். அடித்தாள். பந்து மறுகோடிச் சுவரில் மோதித் திரும்பியது. அசைந்து அசைந்து முதல் பேஸை அடைந்து, சொன்னபடியே விழுந்தாள். அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை.

“ஐயோ, பொம்பளைக்கு மயக்கம்! காத்து விடுங்க!” என்று பேக்கிங் பெண்கள் ஆறு பேர் போர்வையோடு பாய்ந்து, காற்றே போகாதபடி சுற்றி மறைத்தார்கள். போர்வை விலகியபோது ஒன்பதாம் நம்பர் எழுந்து நின்றது. அம்பயர் தலையாட்டினார்.

அடுத்த பந்து வீசப்பட்டதுதான் தாமதம், அந்தக் குண்டு உடம்பு மான் மாதிரி பறந்தது. மைதானமே வாயைப் பிளந்தது. இரண்டாம் பேஸில் கவிப்பிரியா சறுக்கி விழுந்தாள்.

சட்டைப் பொத்தான் தெறித்தது. வயிறு வெளியே வந்தது. வலது இடுப்பு தனியாக உருண்டது. கிரீஸ் கறையோடு பஞ்சு காற்றில் பறந்து பந்து வீசுகிறவள் தலையில் உட்கார்ந்தது.

அப்போதாவது சும்மா இருந்திருக்கலாம். போர்வைக்குள் நழுவி ஷாமியானாவுக்கு வந்துவிட்ட சொர்ணம், கையில் மிளகாய் பஜ்ஜியோடு எழுந்து, “எந்திரி கவி! மூணாவதுக்கு ஓடுடீ!” என்று நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் கொடுத்தாள். சட்டையை மாற்றவில்லை. மாற்றுச் சட்டை கொண்டுவரப் பூபாலன் மறந்துவிட்டிருந்தார்.

அம்பயர் அங்கே பார்த்தார். இங்கே பார்த்தார்.

“ஒன்பதாம் நம்பர் அங்க படுத்துகினு கீது. ஒன்பதாம் நம்பர் இங்க பஜ்ஜி துன்னுகினு கீது. இன்னா சார் இது?”

பூபாலன் ஓடி வந்து பஞ்சைப் பொறுக்கத் தொடங்கினார்.

ஏமாற்று வேலை என்று எழுதி, ஆட்டத்தை ஆவடிக்குக் கொடுத்துவிட்டார்கள். மறுகோடியில் கங்காதரனின் கார் கிளம்பியது. பூபாலனின் போன் அடித்தது.

“ஓசூர்ல குளுரும். ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க.”

பூபாலன் பஞ்சுக்கு நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆவடிச் சட்டை போட்ட கனத்த பெண் ஒருத்தி, நடந்து வந்ததற்கே மூச்சு வாங்க, தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

“குடிண்ணா. நான்தான் சிம்ரன்.”

“நீயா? நீ எப்படிம்மா அந்த ஓட்டம் ஓடுற?”

“நான் எங்கண்ணா ஓடுனேன்? போன வருசமும் சரி, இப்பவும் சரி, நான் அடிச்சிட்டு உக்காந்துடுவேன், எங்க நாத்தனார்தான் ஓடுவா. அம்பயராண்ட ஒரு வார்த்தை சொன்னா ஆள மாத்தி உட்ருவாங்களே, நீங்க கேக்கலியா?”