சாவி இல்லாத செவ்வாய்க்கிழமை

சாவி மாட்டும் கொக்கியில் சாவி இல்லை.

வெஸ்லி கொக்கியைக் கையால் தடவிப் பார்த்தான். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தட்டுப்படலாம் என்று ஒரு நம்பிக்கை. தட்டுப்படவில்லை.

"நடீன், வண்டிச் சாவிய எடுத்தியா?"

"கொக்கியில இல்லையா?" என்றாள் மனைவி, தட்டைத் துடைத்தபடி.

"இருந்தா உன்ன ஏன் கேக்குறேன்?"

"இன்னொரு சாவி இருக்குமே."

"அதுவும் அதே வளையத்துலதான். ரெண்டும் ஒண்ணா இருந்தா தொலையாதுன்னு நான்தானே சேர்த்துப் போட்டேன்."

நடீன் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தாள். மூன்று வருடமாக ஒன்றும் சொல்லாமலிருந்து அவளுக்குப் பழகிவிட்டது.

அந்த வண்டிதான் அவர்களுக்கு வீடு. ஒஹையோவில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரு வயது ஜூனியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள். வெஸ்லிக்கு மடிக்கணினியும் சிக்னலும் இருந்தால் எந்தக் காட்டிலும் வேலை நடக்கும். எந்த ஊரிலும் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது அவன் கொள்கை. தங்கினால் வேர் விட்டுவிடுமாம். நியூ மெக்ஸிகோவில், இதுபோன்ற வீட்டு வண்டிகள் நிறுத்தும் இந்த முகாமுக்கு வந்து இரண்டு வாரம் நேற்றோடு முடிந்தது. வெஸ்லிக்குக் காலையிலிருந்தே உள்ளங்கால் அரித்தது.

"எனக்கும் கிளம்பணும்தான்" என்றாள் நடீன். "சோபாவுக்கு அடியில விழுந்திருக்குமோ?"

நல்ல யோசனை. பொத்தானை அமுக்கினால் சோபாவோடு பக்கச் சுவரே வெளியே நீண்டு கூடம் அகலமாகும். மறுபடி அமுக்கினால் உள்ளே வந்துவிடும். சுவரை உள்ளே இழுத்தால் அடியில் கிடப்பது தெரியும் என்று வெஸ்லி அமுக்கினான். சுவர் பாதி தூரம் வந்தது. பிறகு எங்கோ 'மடக்' என்றது. பிறகு எங்கும் போகவில்லை.

இப்போது சோபா அடுப்பை முட்டிக்கொண்டு நின்றது. குளிர்பதனப் பெட்டியை ஒரு கை போகும் அளவுக்குத்தான் திறக்க முடிந்தது.

"அடடா" என்றாள் நடீன். "இனி சாவி கிடைச்சாக்கூட வண்டிய எடுக்க முடியாது போல."

"பூட்டுக்காரனுக்குப் போன் பண்ணு. அவன் வர்றதுக்குள்ள நான் இதச் சரி பண்ணிடுறேன்."

நடீன் போனோடு வெளியே போய், உடனே திரும்பி வந்தாள். "அடுத்த வாரம்தான் வருவானாம்."

"வேற ஆள்?"

"அவன் இவனோட தம்பியாம். ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவாங்களாம்."

வெஸ்லி சோபாவைத் தோளால் தள்ளினான். அடுப்பின் குமிழ் ஒன்று கழன்று விழுந்ததுதான் மிச்சம். அதைப் பொறுக்கக் குனிந்தபோது, மேசைக்கு அடியில் நாலு வயது ஜூனி, மார்ஷ்மெல்லோ மிட்டாய்ப் பையோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. போன கோடையில் கழிவறைக்குள் கரண்டியைப் போட்டவள் இவள்.

"ஜூனி கண்ணு, அப்பாவோட சாவிய நீதானே ஒளிச்சு வச்ச?"

"இல்ல."

"நீ நெசத்தச் சொன்னா அப்பா இன்னொரு மார்ஷ்மெல்லோ தருவேன்."

ஜூனி யோசித்தாள். "நான்தான்."

"குழந்தைய ஏன் வம்புக்கு இழுக்குற?" என்றாள் நடீன். இந்த ஒரு முறைதான் அவள் குரல் உயர்ந்தது.

"அவளே ஒத்துக்கிட்டா. எங்க வச்ச செல்லம்?"

"மண்ணுக்குள்ள."

மகள் கையைப் பிடித்துக்கொண்டு வெஸ்லி வெளியே இறங்கினான். ஜூனி ஒரு இடத்தைக் காட்டினாள்; தோண்டினான்; இல்லை. ஒரு மார்ஷ்மெல்லோ கொடுத்ததும் வேறோர் இடம் ஞாபகம் வந்தது. அடுத்ததுக்கு இன்னொரு இடம். பை காலியாகும் நேரத்தில் அவர்கள் இடத்தைச் சுற்றி முயல் குடியேறியதுபோல் ஆகியிருந்தது.

பக்கத்து வண்டிக்காரர் ஹாலிஸ், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மடக்கு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் எடுக்கத் தோண்டுறியா தம்பி?"

"சாவி."

"அதுக்கு இவ்வளவு ஆழம் போகணுமா?"

"நாலு வயசுப் பிள்ளைக்குக் கை நீளம்" என்று சொல்லி, ஜூனி கடைசியாகக் காட்டிய இடத்தில் மண்வெட்டியை ஓங்கிப் போட்டான் வெஸ்லி.

தண்ணீர் பீறிட்டு அவன் மோவாயில் அடித்தது. முகாமின் பிரதானக் குழாய் அந்த வழியாகப் போவது அவனுக்குத் தெரியாது. வெள்ளம் ஹாலிஸின் பாயை நனைத்து நாற்காலிக்கு அடியில் புகுந்தது.

"ஹாலிஸ்! கால தூக்கிக்கோங்க!" என்று கத்தினாள் ஜூனி, குதித்துக்கொண்டே.

வாளியோடு ஓடிவந்த நடீன் அப்படியே நின்றுவிட்டாள். "கேட்டியா வெஸ்லி? பேரச் சொல்லிக் கூப்பிடுறா."

"என்ன பேரு? துணியக் கொண்டா!"

"எங்க போனாலும் எல்லாரையும் 'புதுசு'ன்னுதான் கூப்பிடுவா. பேரு கேக்குறதையே விட்டுட்டா. ரெண்டு வாரத்துல போயிடுவோம்னு அவளுக்குத் தெரியும். இங்கதான்..."

"நடீன், துணி!"

நடீன் துணி கொடுத்தாள். அவன் குழாயின் வாயில் துணியைத் திணித்தான். தண்ணீர் துணியைத் துப்பிவிட்டது. மறுபடி திணித்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான், ஜூனி ஹாலிஸின் நாற்காலியில் அவர் மடிமேல் ஏறி நிற்பதைப் பார்த்தான். அவள் அப்படி யார் மடியிலும் ஏறி அவன் பார்த்ததில்லை. ஏதோ ஒன்று நெஞ்சைத் தொட்டதுபோல் இருந்தது. ஆனால் அடியில் தண்ணீர் மிகவும் குளிர்ந்தது.

முகாமின் சொந்தக்காரி, அறுபது வயது திருமதி அர்மிஹோ, கையில் ஸ்பேனரோடு நிதானமாக நடந்து வந்தாள். எங்கோ குனிந்து எதையோ திருகினாள். தண்ணீர் நின்றது. சுற்றிலும் இருந்த குழிகளைப் பார்த்தாள். பாதி உள்ளே போன சுவரைப் பார்த்தாள். கடைசியாக வெஸ்லியைப் பார்த்தாள்.

"மன்னிச்சுடுங்கம்மா" என்று வெஸ்லி எழுந்தான். "குழாய் செலவ நான் குடுத்துடுறேன். சாவி மட்டும் கிடைக்கட்டும், உடனே இடத்தக் காலி பண்ணிடுறோம்."

நடீன் திடீரென்று காலி வாளியை மும்முரமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

"சாவியா?" என்றாள் திருமதி அர்மிஹோ. "அது என் டிராயர்லதானே இருக்கு! வசந்தம் வரைக்கும் இங்கதான் இருக்கப் போறோம், நடுவுல இவர் வந்து எவ்வளவு கெஞ்சினாலும் குடுத்துடாதீங்கன்னு உங்க வீட்டம்மா முந்தாநாளே குடுத்துட்டுப் போச்சே!"