மேல்காற்றில் ஒரு காதுகுத்து

“அடுப்பை அணைங்க” என்று உக்கிரபாண்டி மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, சமையல்காரர் உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

“விஷவாயு வருதுய்யா. நெருப்பு இருக்கக்கூடாது.”

“கறி இன்னும் வேகலைண்ணே. வெந்ததும் அணைச்சுப்புடுறேன்” என்று சொல்லிவிட்டு சமையல்காரர் அண்டாவுக்கு அடியில் இன்னொரு விறகைத் தள்ளினார்.

பெயர்தான் உக்கிரபாண்டி. தீயணைப்புப் படையில் சேர்ந்து தலை நரைத்துவிட்டது, இன்னும் சத்தம் போட்டுப் பேச வராது. நெருப்பிடம் சத்தம் போட வேண்டியதில்லை, தண்ணீரை அடித்தால் போதும் என்பதால் இத்தனை காலம் பிழைப்பு ஓடிவிட்டது. இன்றைக்கு வந்த வேலை வேறு மாதிரி. மனிதர்களைக் கிளப்ப வேண்டும்.

கப்பலூரைத் தாண்டி, சின்னப்புளியங்குளத்துக்குப் போகிற மண்பாதையில், ஓடைப் பாலத்தின் கட்டைச் சுவரில் இடித்து ஒரு டேங்கர் லாரி சாய்ந்து நின்றது. உள்ளே இருந்தது அம்மோனியா. இடித்த வேகத்தில் வால்வு பிளந்து வெள்ளைப் புகையாகச் சீறிக்கொண்டிருந்தது. கண்ணும் திறக்காமல் பேச்சும் வராமல் தவித்த டிரைவரை ஜீப்பில் ஏற்றி மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, ஸ்டேஷன் ஆபீசர் சிவசங்கரன் புகையை அமுக்கத் தண்ணீரைச் சாரலாக அடிக்கச் சொன்னார். பிறகு உக்கிரபாண்டியைக் கூப்பிட்டார்.

“காத்து மேக்க இருந்து அடிக்குது. ஊர் நேர் கிழக்க இருக்கு. ஜனங்களைக் கிளப்பித் தெக்க கண்மாய்க் கரைக்குக் கொண்டு போயிடுங்க. ஒரு அடுப்பு எரியக்கூடாது. இந்த வாயு மூச்சையும் அடைக்கும், நெருப்பும் பிடிக்கும். ஓடுங்க.”

போபால் விஷவாயுச் செய்தியை எல்லோரும் பேப்பரில் படித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உக்கிரபாண்டி நிஜமாகவே ஓடினார்.

ஊருக்குள் வீடுகள் காலியாகக் கிடந்தன. வந்த வேலை பாதி முடிந்தது என்று அவர் சந்தோஷப்பட்டது அடுத்த தெரு வரைக்கும்தான். பேயாண்டி மகளுக்குக் காதுகுத்து. ஊர் மொத்தமும் ஒரே பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தது. கிடா வெட்டி அண்டா ஏற்றியாயிற்று. காது குத்துகிற ஆசாரியும் வந்தாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமன் மட்டும் இன்னும் வரவில்லை.

சமையல்காரரிடம் தோற்ற உக்கிரபாண்டி, மைக் செட்காரரிடம் போனார்.

“தம்பி, அவசரம். மைக்கைக் குடு.”

மைக் கிடைத்தது. ஆனால் குரல் அவருடையதாயிற்றே. மைக்கை ஊதிப் பார்த்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: “பொதுமக்கள் கவனத்திற்கு. அம்மோனியா வந்துக்கிட்டிருக்கு. மேக்க பாலத்துக்கிட்ட வந்துருச்சு. எல்லாரும் எந்திரிச்சு…”

ஒலிபெருக்கிக் குழாயில் ‘பாலத்துக்கிட்ட வந்துருச்சு’ என்பது மட்டும் கணீரென்று கேட்டது. பந்தலே எழுந்து நின்றது.

“மாமன் சீரு வந்துருச்சுடோய்!”

தூங்கி வழிந்துகொண்டிருந்த மேளகாரர்கள் திடுக்கிட்டு எழுந்து அடிக்க ஆரம்பித்தார்கள்.

“அம்மோனியாங்கிறாரே, அது யாரு பேயாண்டி? ஒம் மச்சினன் பொண்டாட்டியா?” என்றார் ஒரு பெரியவர்.

“அவுக பேரு ராஜாமணியில்ல?” என்றான் பேயாண்டி.

“அப்பக் கூட வாரவுக யாராச்சும் இருக்கும். சர்ச்சுக்குப் போற வேதக்காரவுக பேரு மாதிரி இருக்கு. நல்லா கவனிச்சு அனுப்பணும்ப்பா.”

பேயாண்டியின் அக்கா மலையம்மாள் ஆரத்தித் தட்டில் சூடத்தைக் கொளுத்தினாள். மேளம் முன்னால் போக, எரிகிற சூடத்தோடு அவள் பின்னால் போக, ஊர் முழுக்க அவளுக்குப் பின்னால் போக, ஊர்வலம் நேரே மேற்கே கிளம்பியது.

அடுப்பாவது இருந்த இடத்தில் இருந்தது. இப்போது நெருப்பு நடந்து போய் வாயுவை வரவேற்கப் போகிறது. உக்கிரபாண்டி மைக்கைப் போட்டுவிட்டு ஓடி, மேளத்தைச் சுற்றிக்கொண்டு முன்னால் பாய்ந்து, ஒரே ஊதில் சூடத்தை அணைத்தார்.

மேளம் நின்றது.

“ஆரத்தியை வாயால ஊதி அணைச்சுப்புட்டானே பாவி!” என்று மலையம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா, மாமன் வரலை! நான் சொன்னது மாமன் இல்லை. மாமன் வரலை!”

அந்தச் சொல் காட்டுத்தீ மாதிரிப் பரவியது. உக்கிரபாண்டி எத்தனையோ தீ பார்த்திருக்கிறார், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

“மாமன் வரலையாம்! வரலைன்னு ஃபயர் சர்வீஸ்ல சொல்லிவிட்டுருக்கானாம்!”

“அதையும் காக்கிச் சட்டை போட்ட ஆளை விட்டுல்ல சொல்லியிருக்கான்? எம்புட்டுத் திமிரு!”

“நான் அப்பவே சொன்னேன்” என்றாள் மலையம்மாள். “போன தடவை பந்தியில எலையில எலும்பா வச்சுட்டோம்னு கோவிச்சுக்கிட்டுப் போனவன்தானே அந்த விருமாண்டி. ஒரு எலும்புக்குத் தங்கச்சியை அத்துவிட்டவன் சீரா கொண்டு வருவான்?”

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய்க்காரி செல்லக்கிளிக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று பந்தலுக்குத் திரும்பிப் போய் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்கண்ணன் வாரேன்னு சொல்லிவிட்டுருக்கு. வரும். அது மடியில வச்சுத்தான் எம்புள்ளைக்குக் காது குத்துவேன். அது வாரவரைக்கும் இந்தப் பந்தலை விட்டு நகரமாட்டேன்.”

“தாயி, விஷவாயும்மா. மூச்சு முட்டிச் செத்துப் போவோம்” என்று கெஞ்சினார் உக்கிரபாண்டி.

“வரட்டும். எங்க நாத்தனா பேச்சைக் கேட்டுக் குடும்பம் நடத்துறேன், இதைத் தாங்க மாட்டேனா?”

செல்லக்கிளி நகராமல் பேயாண்டி நகர மாட்டான். பேயாண்டி நகராமல் பங்காளிகள் நகர மாட்டார்கள். பங்காளிகள் உட்கார்ந்திருக்கும்போது சம்பந்திகள் எழுந்து போனால் கறிச்சோற்றை அவமதித்ததாகிவிடும். ஆக, ஊர் மறுபடியும் சட்டமாக உட்கார்ந்தது. அண்டாவில் கறி கொதித்தது.

அப்போதுதான் மேல்காற்று ஒரு தடவை நன்றாக வீசியது.

முதலில் பேயாண்டியின் கண் கலங்கியது. பிறகு பெரியவருக்கு. பிறகு வரிசையாக எல்லோருக்கும். செல்லக்கிளியும் தேம்பினாள். அதைப் பார்த்து ஊரே உருகுகிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். புருஷன் செத்த அன்றைக்குக்கூடப் பொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று பெயரெடுத்த மலையம்மாளின் கன்னத்தில் தாரை தாரையாக வடிந்தது.

“அக்கா!” என்று குரல் உடைந்து கூப்பிட்டான் பேயாண்டி. “எனக்காகவா அழுகிறே?”

ஏன் அழுகிறோம் என்று மலையம்மாளுக்கே புரியவில்லை. ஆனாலும் தம்பி கேட்கும்போது இல்லையென்று எப்படிச் சொல்வது? “ஆமாடா” என்று சொல்லிவிட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். அதைப் பார்த்த செல்லக்கிளி, “மதினி!” என்று ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு பங்காளிகள் துண்டால் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் துடைத்துவிட்டார்கள்.

“ஐயோ, அது பாசம் இல்லைய்யா! வாயு!” என்று உக்கிரபாண்டி கத்தினார். யார் காதிலும் விழவில்லை.

நெரிசலுக்கு நடுவில் பிள்ளை இருமியது. சின்ன இருமல்தான். அடுத்த இருமலில் அதற்கு மூச்சு இழுத்தது, உதடு கோணியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இந்தப் பந்தலுக்குள் அழுவதற்கும் ஆள் இருக்காது.

“செல்லக்கிளி!”

எங்கேயிருந்து வந்தது அந்தச் சத்தம் என்று உக்கிரபாண்டிக்கே தெரியாது. பந்தல் அடங்கிப்போயிற்று.

“கூடப்பொறந்த பொறப்புன்னு எனக்கு யாரும் கிடையாது. இன்னைக்கு நீதான் என் தங்கச்சி. நாந்தான் இந்தப் புள்ளைக்குத் தாய்மாமன். எம் மடியில வச்சுத்தான் காது குத்துறோம். ஆனா இங்க இல்லை, கண்மாய்க் கரையில. மாமன் சொல்றேன், எந்திரி!”

செல்லக்கிளி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணிலும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அது எதனால் வந்தது என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

“அண்ணே!” என்று எழுந்து பிள்ளையை நீட்டினாள்.

அதற்குமேல் ஒரு தடங்கலும் இல்லை. காதுகுத்தில் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். “மாமன் சொல்லிட்டாரு, எந்திரிங்கடா!” என்றார் பெரியவர்.

“மாப்ள, எல்லாத் துண்டையும் தண்ணியில முக்கச் சொல்லு. மூக்கை மூடிக்கிட்டு நடக்கட்டும்” என்றார் உக்கிரபாண்டி. மாப்ள என்ற சொல் அவர் வாயில் தானாக வந்தது.

“சரிங்க மச்சான்” என்று பேயாண்டி ஓடினான்.

“சமையல்காரரே, அடுப்பு!”

சமையல்காரர் மறுபேச்சுப் பேசாமல் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றினார். அவரும் அழுதார். அவருடையது மட்டும் கறிக்காக வந்த அழுகை.

ஊர் நகர்ந்தது. ஈரத்துண்டுக்குள் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு, கொள்ளைக்குப் போகிற கூட்டம் மாதிரி, ஆடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு தெற்கே போனது. தோளில் பிள்ளையோடு உக்கிரபாண்டி முன்னால் நடந்தார். மூக்கைப் பொத்தினால் ஊத முடியாது, ஊதினால் மூக்கைப் பொத்த முடியாது என்று நாதஸ்வரக்காரர் மட்டும் திண்டாடினார்.

கண்மாய்க் கரையில் காற்று சுத்தமாக இருந்தது. பிள்ளைக்கு மூச்சுச் சீராகிவிட்டது. வேப்பமரத்தடியில் உக்கிரபாண்டி மடியில் அதை வைத்துக்கொள்ள, ஆசாரி காதைத் தொட்டார். தீயணைப்பு நிலையத்துச் சங்கைவிடப் பெரிய சத்தத்தில் பிள்ளை உக்கிரபாண்டியின் காதுக்குள் வீறிட்டது. என்ன சமாதானம் சொல்லியும் நிற்கவில்லை. கையில் சீர் எதுவும் இல்லாத தாய்மாமன், தன் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் தலையில் வைத்தார். ஹெல்மெட் மோவாய் வரைக்கும் இறங்கியது. உள்ளே அழுகை நின்று சிரிப்புக் கேட்டது. உக்கிரபாண்டிக்கு இன்னொரு தடவை கண் கலங்கியது. இங்கே வாயு எதுவும் இல்லை.

வெயில் உச்சிக்கு ஏறியபோது சிவசங்கரன் ஜீப்பில் வந்தார்.

“வால்வை அடைச்சாச்சு. டிரைவருக்கும் ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். ஊரே காலியா இருக்கு, ஒரு கோழிக்குக்கூட சேதாரம் இல்லை. எப்படிய்யா கிளப்பினீங்க?”

“குடும்ப விஷயம் சார்” என்றார் உக்கிரபாண்டி.

செல்லக்கிளி முன்னால் வந்தாள். “ஐயா, எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னையிலேருந்து எனக்கு அண்ணன் இவுகதான். கூடப்பொறந்தவன்னு ஒருத்தன் இருந்தானே, அந்த விருமாண்டி, எம்புள்ளை உசுருக்குப் போராடுனப்ப அவன் எங்க போனான்? இனி அவன் மூஞ்சியில முழிக்கமாட்டேன்!”

“இந்த ஊரு எல்லையில அவன் கால் படக்கூடாது” என்றான் பேயாண்டி.

“இப்பவாச்சும் தெரிஞ்சுக்கிட்டீகளே!” என்றாள் மலையம்மாள்.

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க தாயி, அவருக்கு என்ன சிரமமோ” என்று உக்கிரபாண்டி முனகினார். குரல் பழையபடி இறங்கிவிட்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து லாரி கிளீனர் சங்கிலி இறங்கினான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. மஞ்சள் துணி போட்டுக் கட்டிய ஒரு பெரிய தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி உக்கிரபாண்டியிடம் வந்தான்.

“சார், டிரைவரண்ணன் தங்கச்சி வீட்டுல விசேஷம்னு, போற வழியில மாமன் சீரைக் குடுத்துட்டுப் போயிருவோம்னுதான் ஹைவேயை விட்டு லாரியை இந்தப் பாதையில இறக்குனாரு, இங்க செல்லக்கிளிங்கிறது யாரு சார்?”