ஏழாம் நம்பர் வீட்டு வரி சம்பந்தமாகச் சம்பந்திக்கு

தங்கத்தேர் நகர்,
ரெட்டியார்பாளையம்.
வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.

மகா கனம் பொருந்திய சம்பந்தி கண்ணையன் அவர்களுக்கு ஆதிமூலம் கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் செல்வாம்பாளும், என் வலது முழங்கால் நீங்கலாக, நலம். முதலியார்பேட்டையில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை செல்வகுமாரும் எங்கள் கலைவாணியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அன்றாடப் பிரார்த்தனை. பஸ் ஏறினால் அரைமணி நேரத்தில் வந்துவிடக்கூடியவன் எதற்குத் தபால் எழுதுகிறான் என்று தாங்கள் யோசிக்கலாம். இந்த வாரம் நான்கு தரம் போன் செய்தேன். நான்கு தரமும் தங்களுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். கேட்க வந்தது அது இல்லை. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி வீட்டுப் பந்தியில் இன்னொரு கரண்டி ரசம் கேட்கவே கூச்சப்படுவான், நான் கேட்க வேண்டியதோ வீட்டு வரி. அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் நகரில் நாற்பத்தொரு வீடு. எல்லாரும் நகராட்சி ஆபீசில், எங்கள் நகர்ச் சங்கச் செயலாளர் சகாயநாதன் பாஷையில் சொன்னால் மேரியில், வரி கட்டி வருகிறோம். அங்கே அத்தனை நகர்களின் வரியும் ஒரே அண்டாவில் விழுகிறது, நம்ம வரியை நாமே வசூல் பண்ணி நம்ம தெருவுக்கே வைத்துக்கொண்டால் என்ன என்று சகாயநாதன் ஒரு கூட்டத்தில் கேட்டார். அவர் சித்தப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்கியவர், அந்த ஊரில் இப்படித்தானாம். எந்த ஊரில் என்று ஒருத்தரும் கேட்காமல் கை தட்டிவிட்டோம். சர்க்காருக்கு மனு போடுவதற்கு முன் ஒரு ஒத்திகை வேண்டும், இந்த வருஷ வரியைச் சங்கமே வசூல் பண்ணி மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டிக் காட்ட வேண்டும், ஒரு வீடு விட்டுப்போனாலும் மனு கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள். யார் வசூல் பண்ணுவது என்றதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முப்பத்திரண்டு வருஷம் விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவனுக்குக் காசு வாங்கச் சொல்லியா தரணும் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பஸ்ஸில் ஏறினவனிடம் அவன் இறங்குவதற்குள் வாங்கிவிடலாம் சம்பந்தி, வீட்டுக்காரன் இறங்குவதே இல்லை.

முதல் நாள் தோளில் பழைய பையை மாட்டிக்கொண்டு எட்டு வீடு போனேன். எட்டு வீட்டிலும் "வாங்கண்ணா, உக்காருங்க" என்றார்கள், உட்கார்ந்ததும் காபி வந்தது. காபியைக் குடித்துவிட்டு அந்த வாயாலேயே வரி கேட்பது எப்படி? குடிக்காமல் கேட்டாலோ மரியாதை இல்லை. மூணாம் நம்பர் ஆயம்மா, நான் பையைத் திறப்பதற்குள், "முட்டி எப்படிண்ணா இருக்குது?" என்று கேட்டு, தைலம் சூடு பண்ணிக் கொடுத்து, அப்படியே மோட்டார் ரிப்பேருக்கு என்னிடமே இருநூறு ரூபாய் கைமாத்து வாங்கிக்கொண்டு, கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். அன்றைய வசூல் இருநூறு ரூபாய் நஷ்டம்.

அப்போதுதான் செல்வாம்பாள் சொன்னாள்: "வீடு வீடா போய் நின்னா யாரு குடுப்பா? மைக்கு கட்டி, நோட்டு போட்டு உக்காருங்க. மொய் எழுதுற மாதிரி தானா வந்து எழுதிட்டுப் போவாங்க." எனக்கே இது தோன்றவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை தண்ணி டேங்க் பக்கத்தில் பந்தல் போட்டு, மேசையில் சந்தனம், கல்கண்டு, தாம்பாளம் எல்லாம் வைத்து, நோட்டில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டு நான் உட்கார, மைக்கை சகாயநாதன் பிடித்துக்கொண்டார். "பதினொண்ணாம் நம்பர் தணிகாசலம், ஆயிரத்து நூற்றொன்று!" என்று ஒரு குரல் கொடுத்தார் பாருங்கள், அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஆள் ஓடி வந்தது. வரி ஆயிரத்து நூறுதான், ஒத்தைப்படையாக இருக்கட்டும் என்று ஆளுக்கு ஒரு ரூபாய் கூட வைத்தார்கள். பன்னிரண்டாம் நம்பருக்கு வரி தொள்ளாயிரம். "அவருக்கு நான் என்ன கொறச்சல், ஆயிரத்து எரநூத்தியொண்ணுன்னு எழுதுங்க" என்று சண்டை பிடித்து எழுதவைத்துவிட்டுப் போனார். ஒன்றரை மணி நேரத்தில் நாற்பது வீடும் முடிந்தது. முடிந்ததும் எல்லாரும் குடும்பத்தோடு உட்கார்ந்துகொண்டு பந்தி எப்போது என்று கேட்டார்கள், ஓட்டலுக்கு ஆள் அனுப்பி இட்லியும் கேசரியும் வரவழைத்தேன். மறுநாள் காலையில் ஆயம்மா தட்டில் வெற்றிலை பாக்கு பத்திரிகையோடு வந்து நின்றாள். "பேத்திக்கு மஞ்சத்தண்ணி சுத்துறோம்ண்ணா. நாங்க ஆயிரத்து நூத்தியொண்ணு எழுதியிருக்கிறோம், நோட்டப் பாத்துட்டு வாங்க" என்றாள். இது மொய் இல்லம்மா, வரி என்றேன். "அப்ப எதுக்கு மைக்ல படிச்சீங்க?" என்று கேட்டாள். பத்திரிகையை வாங்கி வைத்துக்கொண்டேன். இன்றைய தேதிக்கு ஒன்பது பத்திரிகை வந்திருக்கிறது.

இதையெல்லாம்கூட எப்படியாவது சமாளித்துவிடுவேன் சம்பந்தி. வராத அந்த ஒரு வீடு தங்களுடைய ஏழாம் நம்பர். மாசாமாசம் கலைவாணிக்கு வாடகை அனுப்பிக் குடியிருக்கிற லினெட் டீச்சரைக் கேட்டால், "வாடகைதான் அங்கிள் நான் குடுக்கணும், வரி வீட்டுக்காரங்கதான" என்கிறது. நியாயம்தானே. மைக்கில் சகாயநாதன், "முதலியார்பேட்டை கண்ணையன், எங்கிருந்தாலும் மேசைக்கு வரவும்" என்று திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த மாதிரி மூன்று தரம் கூப்பிட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், நான் மைக் ஒயரைப் பார்த்தேன். தணிகாசலம் பந்தியில் உட்கார்ந்தபடியே, "வசூல் பண்றவருக்குச் சம்பந்தின்னா வரி கெடையாதாண்ணா?" என்று கேட்டார். அவர் இலையில் இன்னொரு கரண்டி கேசரி வைத்துவிட்டு நகர்ந்தேன். கலைவாணிக்குப் போன் பண்ணினேன். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "மாமாகிட்ட மட்டும் கேக்காதீங்கப்பா. கேட்டீங்கன்னா அவங்க முன்னால நான் எப்படிப்பா நிப்பேன்?" என்றாள். எனக்கு இருப்பது ஒரே பெண். என்னால் அவள் அங்கே ஒரு சொல் கேட்கும்படி ஆனால் எனக்கு மனுவும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். ஆனால் நாற்பது வீடு இங்கே என் கேட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

ஆகவே ஒரு யோசனை. இந்தக் கவருக்குள் ஆயிரத்து நூற்றொரு ரூபாய் வைத்திருக்கிறேன். ஆடிச் சீர் என்று பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொள்ளவும். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று சம்பந்தியம்மாள் கேட்டால், முழங்கால் வலிக்காரன் முன்கூட்டியே அனுப்பிவிட்டான் என்று சொல்லவும். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு மறுபடியும் மைக் கட்டுகிறோம், தாங்கள் இங்கே எழுந்தருளி அதே பணத்தைத் தாம்பாளத்தில் வைத்தால், தங்கள் பெயரைத் தேவையானால் ஐந்து தரம்கூட வாசிக்கச் சொல்கிறேன். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி இல்லாமல் குஷன் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

பெரியவர்களுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கும் கலைவாணிக்கும் எங்கள் ஆசீர்வாதம், பதினாறில் ஒன்றும் குறையாமல்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
ஆதிமூலம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் செல்வாம்பாள் இதைப் படித்துப் பார்த்தாள். உள்ளே போய், பீரோவிலிருந்து இன்னும் என் பெயரிலேயே இருக்கிற ஏழாம் நம்பர் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். கல்யாணத்தில் அந்த வீடு கலைவாணிக்கு என்று சபையில் எழுந்து சொன்னேன். சொன்னதோடு சரி, எழுதிக் கொடுக்கவில்லை. தை பிறக்கட்டும் என்று இருந்தேன், நான்கு தை பிறந்து போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் நன்றாக இருக்காது என்று தாங்களும் வாய் திறக்கவில்லை. பெண்ணுக்குச் சொன்ன வீடு சம்பந்தி வீடுதானே என்று சங்கப் பட்டியலில் ஏழாம் நம்பருக்கு நேரே தங்கள் பெயரை எழுதியவன் நான்தான், மேரியிலிருந்து என் பெயருக்கு வந்த நான்கு வருஷ நோட்டீசும் பிரிக்காமல் பத்திரத்துக்கு அடியில் கிடக்கிறது. கேட்காதீர்கள் என்று என் பெண் ஏன் சொன்னாள் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. கவரில் இருந்த ஆயிரத்து நூற்றொன்றை எடுத்துக்கொண்டேன், நான்கு வருஷ பாக்கிக்கு அதுவும் போதாது. ஆடிச் சீர் ஆடியிலேயே வரும். திங்கட்கிழமை பத்திர ஆபீசில் வீட்டைக் கலைவாணி பெயருக்கு எழுதுகிறேன், தாங்கள் அனைவரும் அவசியம் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தயவுசெய்து இந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள், அன்றைக்கு மைக்கில் என் பெயரை வாசிக்கப் போகிறார்கள்.