அரைச்சுற்று ஸ்டீயரிங்

ஒரு காட்டில் எல்லா விலங்குகளுக்கும் பொதுவாக ஒரு வாக்குரிமையும் ஒரு பழைய டிராக்டரும் இருந்தன. இரண்டுமே நினைத்த பக்கம் திரும்புவதில்லை.

டிராக்டரின் ஸ்டீயரிங் பாக்ஸில் சீல் கிழிந்து ஆயில் முழுவதும் ஒழுகிவிட்டது. விலங்குகள் சங்கத்தின் தலைவர் கரடி, ஆயிலுக்குப் பதிலாக கிரீஸை அப்பச் சொன்னார். கிரீஸ் ஒழுகவில்லை. சங்கத்தின் செயற்குழுவைப் போல ஓரமாக ஒட்டிக்கொண்டு சும்மா இருந்தது. நடுவில் கியர் பற்கள் காய்ந்து தேய்ந்தன. கடைசியில், ஸ்டீயரிங்கை அரைச்சுற்று சுற்றிய பிறகுதான் முன்சக்கரம் அசையவே தொடங்கும் என்ற நிலை வந்தது.

டிரைவர் காட்டெருமை அதற்குப் பழகிக்கொண்டார். ஏரிக்கரை வளைவு வருவதற்கு முன்பே அரைச்சுற்று சுற்றி வைத்துவிடுவார். வளைவுக்கு வெளிப்பக்கம் ஏரி. உள்பக்கம், கரைச் சரிவுக்குக் கீழே, முள்ளம்பன்றியின் வளை.

முள்ளம்பன்றி பழைய போராளி. எலிகளின் தானிய உரிமை முதல் வௌவால்களின் பகல் தூக்கம் வரை அவர் கையில் எடுக்காத பிரச்சினை இல்லை. ஜெயித்த பிரச்சினையும் இல்லை. கண்ணை மூடுவதற்குள் ஒன்றிலாவது வென்றுவிட வேண்டும் என்று ஸ்டீயரிங்கைக் கையில் எடுத்தார்.

"ஒரு நாள் எல்லாரும் ஏரிக்குள்ள போகப் போறீங்க!"

"யோவ், இத்தனை வருஷம் போகலையே?" என்றார் கரடி.

"போன பிறகு மனு கொடுக்க ஆள் இருக்காது, தலைவரே!"

முள்ளம்பன்றி முன்சக்கரத்துக்கு அடியில் உண்ணாவிரதம் படுத்தார். கம்பு விதைக்கும் நேரம். டிராக்டர் நகர்ந்தாக வேண்டும். ஏறிப் போகலாம் என்றால் டயரில் முள் குத்தும். "சரி, ரிப்பேர் பாத்துத் தொலைங்க" என்றார் கரடி.

டவுனிலிருந்து மெக்கானிக் குரங்கு வந்தார். பாக்ஸைப் பிரித்து, கிரீஸை வழித்தெறிந்து, மண்ணெண்ணெயில் கழுவினார். தேய்ந்த கியரையும் சீலையும் மாற்றி, கியர் ஆயிலை அளவாக ஊற்றி, ஸ்க்ரூவைத் திருகி ஸ்டீயரிங்கின் தளர்ந்த ஆட்டத்தை எடுத்தார். முள்ளம்பன்றி கூடவே நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார்.

"இப்ப ஒரு விரலால திருப்பலாம், தோழர். டிரைவர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க, பழையபடி சுத்த வேண்டாம்னு" என்று சொல்லிவிட்டுக் குரங்கு பஸ் ஏறினார்.

முள்ளம்பன்றி வெற்றி விழாவில் பேசினார். எலிகளின் தானியத்தில் தொடங்கி, துரோகிகளைப் பெயர் சொல்லித் தாக்கி, வரலாறு முழுவதையும் சொன்னார். குரங்கு சொன்ன அந்த ஒரு வரிக்கு மட்டும் நேரம் இல்லாமல் போயிற்று.

விதை மூட்டையோடு டிராக்டர் கிளம்பியது. வளைவுக்கு முன்பே காட்டெருமை வழக்கம்போல் அரைச்சுற்று சுற்றினார். பல காலத்துக்குப் பிறகு டிராக்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. அப்படியே திரும்பிச் சரிவில் இறங்கி, முள்ளம்பன்றியின் வளைமேல் உட்கார்ந்தது.

பின்வாசல் வழியாக மண்ணை உதறிக்கொண்டு அவர் மனைவி வந்தார். "உங்க போராட்டம் வீடு வரைக்கும் வந்துடுச்சுங்க" என்றார்.

அவசரக் கூட்டம் கூடியது. காட்டெருமை கொதித்தார். "திருப்பினா உடனே திரும்புது! அப்படி ஒரு வண்டியை எவன் ஓட்டுவான்?"

"ரெண்டு நாள் பழகினா சரியாயிடும், அண்ணே!" என்றார் முள்ளம்பன்றி.

"பழகணுமாம்! நாங்க என்ன சர்க்கஸ் மிருகமா?" என்று கத்தின முயல்கள்.

"அரைச்சுற்று நம்ம பண்பாடு" என்றார் கரடி. பழைய ஆட்டத்தை மீட்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. ஆனால் குரங்கு ஊருக்குப் போய்விட்டாரே? வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒருவர்தான். எல்லாக் கண்களும் அவரைப் பார்த்தன.

கரடி அவர் காதோரம் குனிந்தார். "செஞ்சு குடுத்துடுய்யா. சங்கத்து நிலத்துல வளை தோண்டிக்க."

முள்ளம்பன்றி மனைவியைப் பார்த்தார். மனைவி வானத்தில் திரண்ட மேகத்தைப் பார்த்தார்.

டிராக்டரை மேலே இழுத்து நிறுத்தியதும் முள்ளம்பன்றி ஸ்பேனரை எடுத்தார். ஸ்க்ரூவைத் தளர்த்தினார். நல்ல ஆயிலை மண்ணில் வடித்தார். கிரீஸைத் தன் கையாலேயே அப்பினார். காட்டெருமை ஏறி அரைச்சுற்று சுற்றிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. காடே ஆர்ப்பரித்தது.

"முள்ளம்பன்றியார் வாழ்க!"

ஆயுள் முழுக்க மற்றவர்களுக்கு வாழ்க போட்டவர் அவர். அவருக்கு யாரும் போட்டதில்லை. இது வெற்றியல்ல, வெட்கக்கேடு என்று எடுத்துச் சொல்லக் கையை உயர்த்தினார். கூட்டம் அமைதியானது.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

நீதி: போராளிகளே, ஸ்க்ரூவைத் தொடும் முன் எந்தப் பக்கம் திருகினால் கைதட்டுவார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். கியர் ஆயிலை அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.