பத்துத் தலைவர்களும் நெரிடாவும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் பிறகு மனித இனம் கண்டுபிடித்தவற்றில் ஆகச் சிறந்தது அபாய மதிப்பீட்டுப் படிவம்தான். சும்மா சொல்லவில்லை. குவீன்ஸ்லாந்துக் கரையோரத்தில் உள்ள எங்கள் பள்ளியில் பத்தொன்பது வருடமாக 'மாணவர் நலன்' பார்த்து வருகிறேன். அந்தப் படிவத்தை நிரப்பாமல் எங்கள் பிள்ளைகள் எலுமிச்சம்பழம்கூடப் பிழிய மாட்டார்கள்.

சென்ற மே மாதம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரைத் 'தலைமைப் பண்பு முகாமு'க்காக ப்ளவர் தீவுக்கு அழைத்துப் போனோம். படகில் ஒரு மணி நேரம். நானும் உடற்பயிற்சி ஆசிரியர் வார்விக்கும் பொறுப்பு. கூடாரம் அடித்தாயிற்று, சாஸேஜ் பெட்டியும் இறக்கியாயிற்று. அப்போதுதான் தெரிந்தது, படிவம் ஆசிரியர் அறையில் என் மேசைமேலேயே கிடக்கிறது! படிவம் கையில் இல்லாமல் முகாமைத் தொடங்கக் கூடாது என்பது விதி. ஆசிரியர் எவரும் தனியாகக் கடலில் போகக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் எள்ளளவும் மீறாமல், நானும் வார்விக்கும் சேர்ந்தே படகில் ஏறினோம்.

"சார், போகாதீங்க" என்றது ஒரு குரல்.

நெரிடா ஸ்ப்ராட். உதவித்தொகையில் படிக்கும் பெண். அப்பா இறால் படகு வைத்திருக்கிறார். மதிய இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். அவளை 'இணைக்க' மூன்று திட்டங்கள் தீட்டியிருந்தேன். மூன்றுமே நல்ல திட்டங்கள். அவளிடம் சொல்லத்தான் நேரம் வாய்க்கவில்லை.

"தென்கிழக்குக் காத்து ஏறுது சார். இப்பப் போனா இன்னிக்குத் திரும்ப முடியாது."

"நெரிடா, இது எதிர்மறைச் சிந்தனை."

"இல்ல சார், இது காத்து."

பள்ளிக்குப் போய்ப் படிவத்தை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு வந்தபோது துறைமுகத்தை மூடிவிட்டார்கள். இரண்டு நாள் எந்தப் படகும் கிளம்பவில்லை. கரையில் நாங்கள் பட்ட வேதனை சொல்லி மாளாது. மீன் வறுவலும் சிப்ஸும் தொண்டையில் இறங்கவே இல்லை, அதாவது இரண்டாவது பொட்டலத்துக்குப் பிறகு.

தீவிலோ பிள்ளைகள் பயிற்சியை வீணாக்கவில்லை. உடனே தேர்தல் வைத்தார்கள். ஆங்கஸ் தலைவன். மற்ற ஒன்பது பேரில் துணைத் தலைவர்கள் நான்கு பேர், முழக்கக் குழு மூன்று பேர், கொடிக்குப் பொறுப்பு இரண்டு பேர். பதவிகள் தீர்ந்துபோயின. பொதுமக்கள் என்று யாராவது வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பு நெரிடாவுக்குக் கிடைத்தது.

முதல் ராத்திரி தாழம்புதரிலிருந்து பெண் ஒருத்தி அலறுவதுபோல் சத்தம் வந்தது. அமைச்சரவை அவசரமாகக் கூடியது. பேய்தான் என்று ஒருமனதாக முடிவாயிற்று.

"கர்லூடா அது. பறவை. எங்க வீட்டுப் பின்னாடி தினம் கத்தும்" என்றாள் நெரிடா.

"பத்துப் பேர் பேய்ங்கறோம், நீ ஒருத்தி பறவைங்கறே. எங்களையெல்லாம் என்ன லூசுன்னு நெனச்சியா?" என்றான் ஆங்கஸ்.

"நான் நெனைக்கல."

"அப்பப் போய் உன் பறவையோடயே படுத்துக்கோ, போடி!"

அவள் போர்வையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டாள். தீவில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி, அதுவும் அந்தப் புதரை ஒட்டித்தான். பேய் இருக்கும் இடத்துக்குத் தலைவர்கள் போவது முறையல்ல. ஆகவே இரண்டு நாளும் நெரிடாதான் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து கூடார வாசலில் வைத்தாள். உள்ளிருந்து, "கைய நல்லாக் கழுவினியா?" என்று கேட்டார்களாம். மூன்றாம் நாள் காலை காற்று அடங்கியது. தேடி வந்த போலீஸ் படகு வேறு தீவு என்று நினைத்துக் கடந்து போகப் பார்த்தபோது, மணலில் நின்று மஞ்சள் மழைக்கோட்டை ஆட்டியவளும் அவள்தான். மற்றவர்கள் கூடாரத்துக்குள் ராஜினாமாக் கடிதம் ஒன்றைப் பரிசீலித்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தகைய சம்பவத்தைச் சும்மா விட முடியுமா? தலைமையாசிரியை கிளெனிஸ் பர்செல் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. செயலாளர் நான்.

"நெரிடா கண்ணு, நீ ஏன் குழுவோட சேரல?" என்றார் கிளெனிஸ்.

"பறவையோட போய்ப் படுன்னு சொன்னாங்க மிஸ்."

"அது அவங்க கருத்து. நீ என்ன முயற்சி எடுத்தே?"

"தண்ணி கொண்டுவந்து குடுத்தேன்."

"அதத்தான் சொல்றேன். கலந்து பேசாம, நீயா!"

ஆங்கஸ் எழுந்தான். "பேய்னு ஓட்டெடுத்து முடிவு பண்ணினோம் மிஸ். இவ மட்டும்தான் ஜனநாயகத்தை மதிக்கல." கிளெனிஸ் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நான் தயாரித்த வாக்குமூலத்தை நெரிடாவின் முன் வைத்தோம். 'குழுவை விட்டு நானாகவே விலகினேன். முகாம் முழுவதும் ஆசிரியர்களின் கண்காணிப்பில் நடந்தது.' கையெழுத்துப் போட்டால் உதவித்தொகை தொடரும். போடாவிட்டால், அவளுடைய 'நலனுக்கு உகந்த வேறு சூழலை' நாங்களே பரிந்துரைப்போம்.

அவள் இரண்டு தடவை படித்தாள். பேனாவை எடுத்தாள்.

"எனக்கு இங்கேயே படிக்கணும் மிஸ். இங்கதான் டெலஸ்கோப் இருக்கு" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "கண்காணிப்புன்னா பாத்துக்கிட்டு இருக்கறதுதானே சார்? நீங்க எங்கேருந்து பாத்தீங்க?"

"அதுக்குத் தொலைநிலைக் கண்காணிப்புன்னு பேரு" என்றேன்.

அவள் பேனாவை மூடி, என் பக்கம் நகர்த்திவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமில்லாததால் அடுத்த அம்சத்துக்குப் போனோம்: ஆங்கஸுக்கு வீரப் பதக்கம்.

அவளை அழைத்துப்போக அப்பா டெஸ் ஸ்ப்ராட் ரப்பர் பூட்ஸோடு வந்தார். "பதினோரு பிள்ளைங்களும் உசுரோட வந்துச்சே, அது யாரால சார்?" என்று மட்டும் கேட்டார். "கூட்டு முயற்சி" என்றேன். அவர் மகளின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

போன வாரம் மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஓர் அம்மாள் வந்தார். மதிய இடைவேளையில் மைதானம் முழுக்கச் சுற்றினார். தனியாக உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளை ஒன்றுகூட அவர் கண்ணில் படவில்லை.

"நூத்துக்கு நூறு! வேற எந்த ஸ்கூல்லயும் இதப் பாத்ததில்ல. எப்படிச் சாதிச்சீங்க?"

"ஒரே ஒருத்திதான் இருந்தா மேடம். பொய்யில கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டா, அனுப்பிட்டோம்."

அவர் தலையாட்டியபடி குறிப்பேட்டில் எழுதினார்: 'எளிய முறை. பிற பள்ளிகளும் பின்பற்றலாம்.'